புள்ளிக்கோட்டில் ஒரு தீவு

ஜனவரி 19
கப்பலிலிருந்து

தம்பிக்கு,

உறையில் இரண்டு தாள்கள். கோடு போட்டது அப்பாவுக்கு. சத்தமாக வாசித்துக் காட்டு. கோடு போடாதது உனக்கு. வாசித்துவிட்டு ஒளித்து வை.

*

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நேற்று கோட்டைத் தீவில் இறங்கினேன். துறைமுகத்திலிருந்து மேலே போக இருநூற்றுப் பதினான்கு படிகள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர்கள், நீலக் கதவுகள். உச்சியில் கோட்டை. அங்கிருந்து துறைமுகம் உள்ளங்கை அளவுதான். துறைமுகம் இருக்கும் அதே பக்கம் சூரியன் கடலில் இறங்கியது. தண்ணீர் முழுவதும் செம்பு நிறம். நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளுங்கள். தம்பியைத் திட்டாதீர்கள்.

*

இது உனக்கு.

இனிமேல் போன் வேண்டாம். போனில் நாம் கத்துவது ஒற்றை அறை வீட்டில் அப்பாவின் தலைமாட்டில் கத்துவதுபோல்தான். அன்று நீ போனை வைத்த பிறகு அவர் என்ன செய்தார்? கேட்க வேண்டும் என்றிருந்தேன். கேட்கவில்லை.

வேலை எப்போதும்போல, பயணிகளை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்புவதுதான். துறைமுக நாளில் காலை ஆறரைக்கு அரங்கத்தில் நிற்பேன். கோட்டைக்குப் போகிறவர்கள் பச்சை ஸ்டிக்கர். கடற்கரைக்குப் போகிறவர்கள் மஞ்சள். படகில் போகிறவர்கள் சிவப்பு. ஒவ்வொருவர் சட்டையிலும் நானே ஒட்ட வேண்டும். கையில் கொடுத்தால் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார்கள். நேற்று ஒரு அம்மா கேட்டார், இந்தத் தீவைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர்தானா என்று. ஆமாம் என்றேன். அப்படியென்றால் வேறு தீவு பார்க்கலாம் என்று கணவரிடம் சொன்னார்.

மார்ச் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஏப்ரலில் வந்துவிடுவேன். நீ மே இரண்டாம் தேதி தாராளமாகப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேரலாம். பெட்டியை இப்போதே தூசி தட்டு.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. அப்பா முதலில் உறையை முகர்ந்து பார்த்தார். கடல் வாசனை இல்லை, பசை வாசனைதான் என்றார். பிறகு இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். படிகளின் எண்ணிக்கையை மட்டும் மூன்றாவது முறை.

நாற்பது வருடம் கடல் வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்து கரைகளை வரைந்த மனிதர். ஆனால் கடலை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாராம். போன வாரம்தான் சொன்னார். கப்பலில் போய் அளந்து வருகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவரும் குறிப்புகளை வைத்து இவர் மேசையில் கோடு போடுவார். இது தெரியாமலா இந்த வீட்டில் இருபத்தாறு வருடம் இருந்தேன்?

பரணிலிருந்து அட்லஸை இறக்கச் சொன்னார். வலது கண் இப்போது வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணுக்கு லென்ஸ் வேண்டும். லென்ஸைப் பிடித்துக்கொண்டு, பழைய வரைபடத்தாளின் பின்பக்கத்தில், உன் தீவைப் பென்சிலால் பெரிதாக வரைகிறார். ஒரு வளைவுக்கு அரை மணி நேரம்.

அவருடைய அலுவலகச் சட்டம் உனக்கு நினைவிருக்கும். அளக்கப் போனவன் கண்ணால் பார்த்த கரைக்கு முழுக்கோடு. பார்க்காமல் யூகித்த கரைக்குப் புள்ளிக்கோடு. உன் தீவுக்கு முழுக்கோடு போட்டார். எதற்கும் புள்ளி வைக்கலாமே என்று சும்மா சொன்னேன்.

“கண்ணால பாத்தவ எழுதியிருக்கா. எதுக்குடா புள்ளி?” என்றார்.

கோட்டை வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிடு. இல்லாவிட்டால் தினமும் என்னைத்தான் கேட்பார்.

மற்றபடி சொட்டு மருந்து. வெள்ளை மூடி நாலு வேளை, நீல மூடி இரண்டு வேளை, இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. எதுவும் யோசிக்கவும் முடியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஐந்து நிமிடங்கள்.

போன வருடம் நீ ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டதால் பல்கலைக்கழகத்தில் சேருவதை ஒரு வருடம் தள்ளி வைக்கக் கேட்டேன். கொடுத்தார்கள். இந்த முறை பேராசிரியர் எழுதிவிட்டார்: மே இரண்டு, அல்லது அந்த இடம் வேறொருவருக்கு. அந்தத் தாளையும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் ஒளித்து வைக்க அரிசி டப்பாவைத் தவிர வேறு இடம் இல்லை. உன் கடிதங்களும் அங்கேதான்.

அப்பா அன்று எதுவும் செய்யவில்லை. போன் வைத்த பிறகு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். அவ்வளவுதான்.

தம்பி


பிப்ரவரி 24
கப்பலிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

கோட்டை வாசல் கடலைப் பார்த்து இருந்தது. இந்த வாரம் குகைத் தீவு. சிறு படகில் குனிந்து உள்ளே போக வேண்டும். உள்ளே தண்ணீர் கீழிருந்து விளக்கு வைத்ததுபோல் நீலமாக ஒளிர்கிறது. கையை நனைத்தால் கையும் நீலம். வெளியே வந்தபோது வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். ஆனால் எந்தத் துறைமுகத்திலும் கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். யாருக்காகவும் நிற்காது.

*

தம்பிக்கு,

களைப்பு. அதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. என் அறைத்தோழி சலூனில் முடி வெட்டுகிறவள். தூக்கத்திலும் அவள் விரல்கள் கத்தரிபோல் அசைகின்றன. நான் தூக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்வதாக அவள் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எழுப்பாமல் இருக்கப் பழகிவிட்டோம்.

முந்தாநாள் ஒரு முதியவர் என் கவுண்டருக்கு வந்தார். தனி ஆள். குகைப் பயணத்தின் தாளைக் கையில் வைத்திருந்தார். “நீங்க போயிருக்கீங்களாம்மா?” என்றார். ரொம்ப அழகு, கட்டாயம் பாருங்கள் என்றேன். அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், “நான் அதைக் கேக்கலையே.” போய்விட்டார். அன்று முழுவதும் அந்தத் தாள் என் முன்னால் கிடந்தது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

இது கோடு போடாத தாள். உனக்கு மட்டும்.

கோட்டை வாசல் கடலைப் பார்த்தது என்று வாசித்தேன். அப்பா சிரித்தார். “தீவுல எந்தப் பக்கம் திரும்புனாலும் கடல்தான். திசை கேட்டா திசைய சொல்லணும்” என்றார். பிறகு பழைய கடிதத்தை எடுத்துவரச் சொன்னார். சூரியன் இறங்கிய இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். லென்ஸை அட்லஸின் மேல் வைத்தார். வெகுநேரம் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். சமையல்கட்டில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

“துறைமுகம் கிழக்குல இருக்குடா. அந்தப் பக்கம் எப்படிச் சூரியன் இறங்கும்?”

படிக்கட்டில் ஏறிக் களைத்ததில் திசை குழம்பியிருக்கும் என்றேன். உனக்காகத்தான் சொன்னேன்.

“சரி. அஞ்சு மணிக்குக் கப்பல் கெளம்பிடுதுன்னு அவளே எழுதியிருக்கா. அஞ்சு மணிக்கு முன்னால அந்தத் தீவுல எப்படி அஸ்தமனம்?”

அட்லஸைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. அழிரப்பரைத் தேடி எடுத்தார். முழுக்கோட்டில் அங்கங்கே இடைவெளி விட்டு அழித்தார். ஒரு மணி நேரம். தீவு முழுவதும் புள்ளிக்கோடாகிவிட்டது. சுருட்டி என் கையில் கொடுத்து, “அவ அங்க போகல” என்றார்.

இது மூன்றாம் தேதி நடந்தது. ஒன்பதாம் தேதி உன் நிறுவனத்திலிருந்து ஒரு உறை. நிரந்தர முகவரிக்கு நகல் அனுப்புவார்கள் போலிருக்கிறது. நான்தான் பிரித்தேன். இன்னும் எட்டு மாதம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஜனவரி பன்னிரண்டு.

பெட்டியைத் தூசி தட்டு என்று எழுதியது பத்தொன்பது.

நீ போகாத ஊர்களை அப்பாவுக்கு எழுதினாய். நீ வராத தேதியை எனக்கு எழுதினாய். கோடு போட்ட தாளுக்கும் போடாத தாளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இவ்வளவுதான். நீல மூடி வேளை ஆகிவிட்டது.

தம்பி என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.


மார்ச் 27
கப்பலிலிருந்து

தம்பிக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் படித்துப் பார்க்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

மூன்று வருடத்தில் இரண்டு முறை கரையில் நின்றிருக்கிறேன். ஒரு முறை பல் பிடுங்க. ஒரு முறை, ஒரு பயணி மருந்துப் பையை மறந்துவிட்டுப் போனார், அதைக் கொடுக்க. அப்போது படகுத்துறையில் நின்றது பதினோரு நிமிடம். எல்லோரும் இறங்கும்போது ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். இறங்கிய பிறகு தவறவிட்டவர்களுக்குப் பதில் சொல்கிறேன். திரும்பி வரும்போது குறை கேட்கிறேன். நடுவில் அடுத்த ஊரை விற்கிறேன். கரை என்பது எனக்கு, கப்பலின் பக்கவாட்டில் காலையில் திறந்து மாலையில் மூடும் ஒரு கதவு. அதில் வெயில் தெரியும்.

படிகள், நீலக் கதவுகள், செம்பு நிறத் தண்ணீர் எல்லாம் பயணிகளுக்குக் கொடுக்கும் தாளில் இருப்பவை. அஸ்தமனம் வேறொரு தீவின் தாளில் இருந்தது. இரண்டும் ஒரே கிளிப்பில் இருந்தன. கலந்துவிட்டேன். அப்பாவிடம் போய் அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு எந்த அப்பாவும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால், கப்பலில் ஏறியதும் எழுதிய முதல் கடிதத்தில் உண்மையைத்தான் எழுதினேன். அரிசி டப்பாவில் தேடிப் பார். ‘இன்றும் இறங்கவில்லை’ என்று இருக்கும். அதை வாசித்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று நீதான் போனில் சொன்னாய். அடுத்த கடிதத்தைத் தாளைப் பார்த்து எழுதினேன். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னதும் நீதான். பிறகு நான் எப்படி நிறுத்துவது?

கையெழுத்து வேறு விஷயம். அதற்குச் சாக்கு இல்லை.

அம்மா போனபோது நீ பள்ளிக்கூடத்தில். எட்டு வருடம் அந்த அறையில் நான்தான் இருந்தேன். நீ படித்தாய். நீ படிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு முப்பது வயதாகிவிட்டது என்று தோன்றியது. அதுவரை தோன்றவே இல்லை. இப்போது அந்த வாசலில் கால் வைத்தால் மறுபடி கிளம்ப மாட்டேன் என்ற பயம். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பாய். ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒன்றுமில்லை என்னுடையது.

நீட்டிக்கும் தாளை நீட்டினார்கள். பேனா கையில் இருந்தது. உன் மே இரண்டாம் தேதி எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன்.

வருகிறேன் என்று இதில் எழுத மாட்டேன். எழுதினால் நீ நம்ப வேண்டியதும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

அரிசி டப்பாவில் தேடினேன். இருந்தது. ‘இன்றும் இறங்கவில்லை.’ அதை நான் அப்பாவுக்கு வாசித்ததே மறந்துவிட்டது.

எட்டு வருடத்தையும் நான் மறந்திருந்தேன். வசதியாக.

இருந்தாலும் நான் போகிறேன். ஏப்ரல் 29 காலை ரயில். நீ வந்தாலும் வராவிட்டாலும். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் போகாமல் இருந்தால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பல்கலைக்கழகத்தில் இழந்த இடம் ஞாபகம் வரும். ஏற்கெனவே வருகிறது. நேற்று மருந்து விடும்போது, தேவையில்லாமல், கொஞ்சம் அழுத்தமாக இமையைப் பிடித்தேன். அவர் மறு கண்ணைத் தானே திறந்து காட்டினார். நான் பயந்துவிட்டேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகம், தேதி, போன வருடம் தள்ளிப் போட்டது. உன் எட்டு மாதமும். கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம டப்பாவுல வச்சுக் குடும்பம் நடத்திருக்கீங்க” என்றார். கொஞ்சம் கழித்து, “போடா. நான் என்ன பச்சக்கொழந்தையா?” என்றார். அப்போது அவர் டம்ளரை மேசைக்கு ஒரு விரல் தள்ளி, காற்றில் வைத்தார். தண்ணீர் முழுவதும் தரையில். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பார்த்தாரா தெரியவில்லை.

கீழ்வீட்டு நர்ஸ் பத்து நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும், நடுவில் மருந்து வேளைக்கும். பத்து நாளுக்கு மேல் முடியாது, அவருக்கும் ஷிப்ட் மாறும். அவருக்காக ஒரு தாள் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எழுதி முடித்த பிறகுதான், இது உன் கப்பல் தாள் மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. நகல் கீழே.

‘புறப்பாடு காலை ஆறு, கட்டிலிலிருந்து. குளியலறை வரை ஒன்பது அடி. ஐந்தாவது அடியில் வாசற்படி, அவருக்குத் தெரியும், சொன்னால் கோபம் வரும். ஏழு மணிக்கு வெள்ளை மூடி. ஐந்து நிமிடம் கழித்து நீல மூடி. சொட்டு விட்டதும் கண்ணின் உள்முனையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது பேச்சுக் கொடுக்கலாம், வானிலை பற்றி மட்டும். மாலையில் மாடிக்கு நடை, இருபத்திரண்டு படிகள், கைப்பிடி இடது பக்கம் மட்டும். மேலே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் காற்று வரும் திசையைக் கேட்பார். சரியான திசையைச் சொல்லவும்.’

இந்த ஊருக்கு நான் போயிருக்கிறேன், அக்கா. ஒவ்வொரு படியும் எண்ணியது.

போனில் பதில் சொல்லாதே. போனில் நீ சொன்ன தேதிகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 19
கப்பலிலிருந்து

அப்பாவுக்கும் தம்பிக்கும்,

இந்த முறை ஒரே தாள்தான்.

நேற்று கோட்டைத் தீவு. மேலாளரிடம் மூன்று மணி நேரம் கேட்டேன். எதற்கு என்றார். பார்க்க என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அறைத்தோழி என் ஸ்டிக்கர்களை வாங்கிக்கொண்டாள்.

படிகள் இருநூற்றுப் பதினான்கு இல்லை. நூற்றுத் தொண்ணூற்றேழு. இறங்கும்போதும் எண்ணினேன், அதேதான். நீலக் கதவு ஒன்று இருந்தது. மற்றவை பச்சை, மிச்சம் மரம். பாதி வழியில் ஒரு கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க நின்றதும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். பேச மொழி இல்லை. உட்கார்ந்தேன். அவர் நின்றார்.

கோட்டைக்குள் போக முடியாது, பூட்டி மரச்சட்டம் அடித்திருக்கிறார்கள். வாசல் தெற்கு, கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருக்கிறது. அறைத்தோழி கொடுத்தனுப்பிய போனில் திசைகாட்டி இருந்தது, அதில் பார்த்தேன். துறைமுகம் கிழக்கில்தான், அப்பா. மேற்கே பெரிய குன்று. அஸ்தமனத்தை இங்கிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. துறைமுகத்தின் வடக்கு முனையில் கரை உள்ளே வளைகிறது. அங்கே ஒரு உடைந்த அலைச்சுவர். அதற்கு அப்பால் நான் பார்க்கவில்லை.

செம்பு நிறம் இல்லை. மத்தியானம். தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. கால் வலித்தது.

இறங்கிவந்து மேலாளரிடம் இன்னொன்றும் கேட்டேன். எனக்கு மாற்றாக வருகிறவள் 27ஆம் தேதி ஏறுகிறாள்.

அக்கா


மே 11
வீட்டிலிருந்து

தம்பிக்கு,

விடுதி முகவரி நீ அலமாரிக் கதவில் எழுதி வைத்ததிலிருந்து. எழுத்து கோணலாக இருக்கிறது. அவசரமா, கை கூசியதா?

29ஆம் தேதி சாயங்காலம் வந்து சேர்ந்தேன். காலையில் நீ போயிருந்தாய். நர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதான் கப்பலா?” என்றார்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அவன் ரயிலைத் தவறவிட்டுவிட்டானா என்றார். நான்தான் அப்பா என்றேன். கையை நீட்டினார். முகத்தைத் தொடுவார் என்று நினைத்தேன். பெட்டியின் கைப்பிடியைத் தொட்டு, கனமாக இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். எத்தனை நாளைக்கான பெட்டி என்று பார்த்தார்போல.

என் கடைசிக் கடிதம் எனக்குப் பிறகு, மே மூன்றாம் தேதி வந்தது. வாசிக்க ஆள் வேண்டுமே. நானே வாசித்தேன். என் கடிதத்தை என் குரலில். சாம்பல் நிறம் என்ற இடத்தில் அவர் தலையாட்டினார். சாம்பல் நிறக் கடலை அவர் பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் அப்படித்தான் இருந்ததாம்.

பிறகு அந்தச் சுருளை எடுக்கச் சொன்னார். லென்ஸை வைத்துப் பார்த்தார். பென்சில் தாளைத் தொடவே இல்லை, வெறும் காற்றில் போனது. நிறுத்திவிட்டுப் பென்சிலை என்னிடம் கொடுத்தார்.

“எனக்குக் கோடு தெரியல. நீ போடு. நீதான பாத்த?”

படகுத்துறையிலிருந்து தொடங்கினேன். புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். கோடு கோணலாகப் போனது. ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கை. ஒவ்வொரு வளைவிலும், இங்கே என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன். வடக்கு முனை வந்தது. உடைந்த அலைச்சுவர். நான் பேச்சு வாக்கில் அதையும் தாண்டி வளைத்துக்கொண்டு போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அங்க நிறுத்து. அதுக்கு மேல நீ பாக்கல.”

நிறுத்தினேன். கால்வாசித் தீவுக்கு முழுக்கோடு. மீதி அப்படியே புள்ளிதான். சுவரில் ஒட்டியிருக்கிறோம். அவர் கண்ணுக்குத் தெரியாது, என் கண்ணுக்குத் தெரியும்.

உன் தாளில் ஒரு பிழை. மாடிப்படி இருபத்திரண்டு இல்லை, இருபத்தொன்று. நீ தரையையும் சேர்த்து எண்ணியிருக்கிறாய். மற்றதெல்லாம் சரி. வானிலை பற்றி மட்டும் பேசுகிறோம்.

எத்தனை நாள் இருப்பாய் என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். கேட்காதே. அந்தப் பயம் பெட்டியோடு வந்து கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இருக்கட்டும். நீ உன் படிப்பைப் பார். என் தேதியைப் புள்ளிக்கோட்டில் போட்டுக்கொள்.

இன்று பதினோராம் தேதி. இதுவரை முழுக்கோடு.

வெள்ளை மூடி விட்டாயிற்று. ஐந்து நிமிடம் முடியப் போகிறது.

அக்கா